உயர் அழுத்தமும் தாழ்வழுத்தமும் வானிலையை எப்படி உருவாக்குகின்றன: படிப்படியான முழு வழிகாட்டி

காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியிருக்கிறது என்ற அறிவிப்பைக் கேட்டவுடன் மழை வரும் என்று எண்ணுவதும், உயர் அழுத்தம் என்றால் வானம் தெளிந்திருக்கும் என்று முடிவுகட்டுவதும் பெரும்பாலும் சரியாகவே அமையும், எப்போதும் அல்ல. சகாரா பாலைவனத்தின் மேல் கோடைக்காலம் முழுவதும் தாழ்வழுத்தம் நிலைகொண்டிருக்கிறது, ஆனால் அங்கே மழை மிக அரிது. 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாட்கள் மூடி ஆயிரக்கணக்கானோரின் உயிரைப் பறித்த புகைமூட்டம் உயர் அழுத்தத்தின் கீழேதான் உருவானது. இந்த இரண்டு விதிவிலக்குகளையும் விளக்கத் தெரிந்துகொண்டால் பொது விதி தானாகவே புரிந்துவிடும். அதற்கான வழியையே கீழே படிப்படியாகக் கொடுத்திருக்கிறேன். வழி நெடுகிலும் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இங்கே காற்று மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா?

படி 1: காற்றுக்கு எடை உண்டு என்பதிலிருந்து தொடங்குங்கள்

நம் தலைக்கு மேல் வளிமண்டலத்தின் உச்சிவரை நிற்கும் காற்றுத் தூணின் எடையே காற்றழுத்தம். கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீதும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம், ஒவ்வொரு சதுர மீட்டரின் மீதும் ஏறத்தாழ 10 டன் காற்று அழுத்திக்கொண்டிருக்கிறது. 1643-இல் இத்தாலியரான டாரிசெல்லி, பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்து வைத்தபோது, குழாய்க்குள் பாதரசம் சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. அதைத் தாங்கி நிறுத்தியது வெளியே இருந்த காற்றின் எடை. ஐந்து ஆண்டுகள் கழித்து, பாஸ்கலின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் பெரியே பிரான்சிலுள்ள புய் தெ தோம் மலை மீது அதே கருவியைக் கொண்டு சென்றார். ஏற ஏறப் பாதரசம் இறங்கியது. மேலே போகப் போகத் தலைக்கு மேல் எஞ்சியிருக்கும் காற்று குறைகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேறு தேவையில்லை.

இன்று நாம் ஹெக்டோபாஸ்கல் என்ற அலகைப் பயன்படுத்துகிறோம். பழைய மில்லிபாரும் இதுவும் அளவில் ஒன்றே. கடல் மட்டத்தின் திட்ட அழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல், சுமார் 5.5 கிலோமீட்டர் உயரத்தில் அது பாதியாகிவிடும்.

படி 2: எண்ணைத் திருத்திப் படியுங்கள்

தரைக்கு அருகில் ஒவ்வொரு 8 மீட்டர் ஏற்றத்துக்கும் அழுத்தம் ஏறத்தாழ 1 ஹெக்டோபாஸ்கல் குறைகிறது. அப்படியானால் 800 மீட்டர் உயரத்திலுள்ள ஓர் ஊரின் அழுத்தம் கடற்கரை ஊரின் அழுத்தத்தைவிட 90 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் குறைவாகவே இருக்கும். அதை அப்படியே வரைபடத்தில் குறித்தால், மலைகள் எல்லாம் நிரந்தரப் புயல்களாகத் தோன்றும். எனவே வானிலை நிலையங்கள் தங்கள் அளவைக் கடல் மட்டத்துக்குச் சமமான எண்ணாக மாற்றியே வெளியிடுகின்றன. உங்கள் கைப்பேசியில் அழுத்த உணரி இருந்தால், அது காட்டுவது பொதுவாகத் திருத்தப்படாத எண் என்பதை நினைவில் வையுங்கள். பத்து மாடி ஏறினாலே அந்த எண் 3 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் சரிந்துவிடும். அதற்கும் வானிலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உயர் அழுத்தம், தாழ்வழுத்தம் என்பவற்றைப் பிரிக்கும் எல்லைக்கோடாக 1013 என்ற எண்ணைக் கருதுவது தவறு. இவை ஒப்பீட்டுச் சொற்கள். சுற்றிலும் 1020 இருக்கும்போது நடுவில் 1014 இருந்தால் அது தாழ்வழுத்தம். சுற்றிலும் 1004 இருந்தால் அதே 1014 உயர் அழுத்தம். மேட்டையும் பள்ளத்தையும் பக்கத்து நிலத்தோடு ஒப்பிட்டுத்தானே சொல்கிறோம்.

படி 3: வேறுபாடு எங்கிருந்து பிறக்கிறது என்று பாருங்கள்

முதல் காரணம் வெப்பம். சூடான காற்று விரிந்து அடர்த்தி குறைகிறது; குளிர்ந்த காற்று சுருங்கிக் கனக்கிறது. குளிர்காலத்தில் சைபீரியாவின் உறைந்த நிலப்பரப்பின் மேல் கனத்த காற்று தேங்கிப் பெரும் உயர் அழுத்தமாகிறது. 1968 டிசம்பர் 31 அன்று அங்குள்ள அகாட்டா என்னும் இடத்தில் கடல் மட்டத்துக்குத் திருத்திய அழுத்தம் 1083.8 ஹெக்டோபாஸ்கல் எனப் பதிவாயிற்று. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் எழும் கடற்காற்றும் இதே விதியின் சிறிய வடிவமே. ஈரப்பதமும் சிறிது உதவுகிறது. ஈரக்காற்று கனமானது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நீராவியின் மூலக்கூறு நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளைவிட இலேசானது என்பதால், ஒரே வெப்பநிலையில் ஈரக்காற்றே உலர்காற்றைவிட அடர்த்தி குறைந்தது.

இரண்டாவது காரணம் மேலடுக்கில் இருக்கிறது. பள்ளிப் பாடங்கள் பெரும்பாலும் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவது எனக்கு எப்போதும் குறையாகவே பட்டிருக்கிறது. தாழ்வழுத்தத்தை நோக்கிக் கீழே எல்லாப் பக்கமிருந்தும் காற்று வந்து சேர்கிறது என்றால், அந்தப் பள்ளம் சில மணி நேரத்தில் நிரம்பிவிட வேண்டாமா? ஆனால் தாழ்வழுத்தங்கள் நாட்கணக்கில் நீடிக்கின்றன, பல வேளைகளில் வலுவும் பெறுகின்றன. கீழே வந்து சேரும் காற்றைவிட அதிகமான காற்றை மேலடுக்கு வெளியே இழுத்துச் சென்றால்தான் அது நடக்கும். நடு அகலாங்குகளில், அதாவது வெப்பமண்டலத்துக்கும் துருவப் பகுதிக்கும் இடைப்பட்ட பகுதிகளில், சுமார் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் ஆறுபோல் ஓடும் ஜெட் காற்றோட்டம் வளைந்து நெளியும்போது, சில இடங்களில் காற்று விரிந்து பரவுகிறது, சில இடங்களில் நெருக்கியடித்துக் குவிகிறது. விரிந்து பரவும் இடத்துக்குக் கீழே தூணின் எடை குறைந்து தாழ்வழுத்தம் ஆழமாகிறது. குவியும் இடத்துக்குக் கீழே காற்று அமுக்கப்பட்டு உயர் அழுத்தம் வளர்கிறது. வானிலையாளர்கள் தரைமட்ட வரைபடத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் மேலடுக்கு வரைபடத்தையும் விடாமல் பார்ப்பதற்குக் காரணம் இதுவே.

படி 4: காற்று ஏன் நேராகப் பாய்வதில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்

அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் காற்று தள்ளப்படுகிறது. பூமி சுழலாமல் இருந்தால் அது நேராகப் போய்ச் சேர்ந்திருக்கும். சுழலும் பூமியின் மேல் நகரும் காற்று, வட அரைக்கோளத்தில் தன் பாதைக்கு வலப்பக்கமாகவும் தென் அரைக்கோளத்தில் இடப்பக்கமாகவும் விலகுகிறது. 1835-இல் இதன் கணிதத்தை எழுதிய பிரெஞ்சு அறிஞரின் பெயரால் இது கோரியாலிஸ் விளைவு எனப்படுகிறது. அழுத்தத்தின் தள்ளலும் இந்த விலகலும் சமநிலைக்கு வரும்போது, காற்று, சம அழுத்தமுள்ள இடங்களை இணைக்கும் அழுத்தக் கோடுகளைக் குறுக்கே வெட்டாமல் அவற்றை ஒட்டியே ஓடத் தொடங்குகிறது. அதனால் வட அரைக்கோளத்தில் தாழ்வழுத்தத்தைச் சுற்றி இடஞ்சுழியாகவும், உயர் அழுத்தத்தைச் சுற்றி வலஞ்சுழியாகவும் காற்று சுழல்கிறது. தென் அரைக்கோளத்தில் இவை தலைகீழாக இருக்கும்.

நிலநடுக்கோட்டில் இந்த விலகல் சுழியம். எனவேதான் கடல் எவ்வளவு சூடாக இருந்தாலும் 5 பாகை அகலாங்குக்குள் புயல்கள் உருவாவது மிக அரிது. 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அருகே சுமார் 1.4 பாகையில் உருவான வாமெய் புயல் அத்தகைய அரிய விதிவிலக்கு.

தரையின் உராய்வு இன்னொரு திருத்தத்தைச் செய்கிறது. உராய்வு காற்றின் வேகத்தைக் குறைக்க, விலகலும் குறைகிறது. அழுத்தத்தின் தள்ளல் ஓங்கி, காற்று கோடுகளைச் சாய்வாக வெட்டித் தாழ்வழுத்தத்தின் நடுவை நோக்கிச் சுருளாக உட்புகுகிறது. உயர் அழுத்தத்திலிருந்து அதேபோல் சுருளாக வெளியேறுகிறது. சிறியதாகத் தோன்றும் இந்தச் சாய்வுதான் மழைக்கும் வெயிலுக்கும் வித்திடுகிறது. உள்ளே வந்து குவியும் காற்றுக்குத் தரையைத் துளைத்துப் போக வழியில்லை. மேலே ஏறித்தான் ஆக வேண்டும். வெளியேறும் காற்றின் இடத்தை நிரப்ப மேலிருந்துதான் காற்று இறங்க வேண்டும்.

படி 5: தாழ்வழுத்தத்தில் காற்றைப் பின்தொடர்ந்து மேலே செல்லுங்கள்

ஏறும் காற்று குறைந்த அழுத்தத்துக்குள் நுழைவதால் விரிகிறது. விரியும்போது தன் வெப்பத்தைச் செலவிட்டுக் குளிர்கிறது. முகில் உருவாகாத நிலையில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 10 பாகை செல்சியஸ் குளிர்ச்சி ஏற்படும். ஒரு கட்டத்தில் காற்று தன்னில் இருக்கும் நீராவியை இனித் தாங்காது என்ற நிலை வந்து, நீராவி திவலைகளாக மாறி முகில் பிறக்கிறது. நீராவி நீராகும்போது தன்னுள் ஒளித்து வைத்திருந்த உள்ளுறை வெப்பத்தை வெளியிடுகிறது. அந்த வெப்பம் காற்றை மேலும் மிதக்கச் செய்ய, அது இன்னும் உயரம் ஏறுகிறது. கீழிருந்து இன்னும் ஈரக்காற்று இழுக்கப்படுகிறது.

இந்தத் தொடர்வினை வெதுவெதுப்பான கடலின் மேல் தடையின்றி நடந்தால் அதுவே வெப்பமண்டலப் புயல். கடற்பரப்பின் வெப்பம் சுமார் 26.5 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். மேலடுக்கிலும் கீழடுக்கிலும் காற்றின் வேகமும் திசையும் பெரிதும் மாறுபட்டு முகில் தூணைச் சாய்த்துவிடாமல் இருக்க வேண்டும். தொடக்கத்திலேயே ஒரு சுழற்சி இருக்க வேண்டும். வட இந்தியப் பெருங்கடலுக்கான அறிவிப்புகளில் வரும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்ற வரிசை இந்த வளர்ச்சியின் படிநிலைகளே. நீடித்த காற்று மணிக்கு 17 நாட்டிக்கல் மைலை எட்டினால் தாழ்வு மண்டலம், 28-ஐ எட்டினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 34-ஐ எட்டினால் புயல். 1979 அக்டோபர் 12 அன்று மேற்குப் பசிபிக்கில் டிப் என்ற சூறாவளியின் நடுவில் 870 ஹெக்டோபாஸ்கல் அளக்கப்பட்டது. கடல் மட்டத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த அழுத்தம் அதுவே. அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் உயரும் என்பதால், அத்தகைய புயலின் நடுவில் கடல் சுமார் 1.4 மீட்டர் உப்பி நிற்கும். கரையைத் தாக்கும் புயல் அலையின் பெரும்பகுதி காற்று தள்ளிக் குவிக்கும் நீரால் வருவது. இந்த உப்பல் அதன் மேல் சேரும் கூடுதல் சுமை.

நடு அகலாங்குகளின் தாழ்வழுத்தங்கள் வேறு இனம். அவை வாழ்வது வெதுவெதுப்பான காற்றும் குளிர்காற்றும் மோதும் எல்லையான வளிமுகத்தில். நார்வேயின் பெர்கன் நகரில் பணியாற்றிய யாக்கோப் பியெர்க்னெஸ் 1919-இல் இவற்றின் அமைப்பை வரைந்து காட்டினார். முதலில் வருவது வெப்ப வளிமுகம்: வெதுவெதுப்பான காற்று குளிர்காற்றின் மேல் மெல்லச் சறுக்கி ஏற, உயரத்தில் இழை இழையான முகில்கள் தோன்றி, பின்பு வானம் வெளுத்துத் தடித்து, நீண்ட நேரம் சீரான மழை பெய்யும். அடுத்துக் குளிர் வளிமுகம்: குளிர்காற்று ஆப்பு போல் அடியில் புகுந்து வெதுவெதுப்பான காற்றைச் சட்டெனத் தூக்கியெறிய, குறுகிய நேரத்துக்குக் கொட்டும் மழையும் இடியும் வரும். அது கடந்ததும் காற்றின் திசை மாறும், வெப்பம் சரியும், அழுத்தம் ஏறத் தொடங்கும்.

இப்போது சகாராவுக்குத் திரும்புங்கள். அங்கே தரை கொதிப்பதால் கீழே அழுத்தம் குறைகிறது, காற்றும் ஏறுகிறது. ஆனால் அதில் நீராவி போதாது. மேலடுக்கில் காற்று இறங்கிக்கொண்டிருப்பதால் ஏற்றம் பாதியிலேயே மூடிபோட்டதுபோல் அடைபடுகிறது. ஈரமும் உயரமான ஏற்றமும் கூடாத தாழ்வழுத்தம் புழுதியை எழுப்பும், மழையைத் தராது.

படி 6: உயர் அழுத்தத்தில் காற்றோடு கீழே இறங்குங்கள்

இறங்கும் காற்று அமுக்கப்பட்டுச் சூடாகிறது, அதுவும் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 பாகை. சூடாகச் சூடாக அதன் ஒப்பு ஈரப்பதம் குறைய, முகில்கள் கரைகின்றன. நிலநடுக்கோட்டருகே எழுந்த காற்று 30 பாகை அகலாங்கையொட்டி இறங்குவதால்தான் உலகின் பெரும் பாலைவனங்கள் பலவும் அந்தப் பட்டையில் வரிசையாக அமைந்திருக்கின்றன.

ஆனால் இறங்கும் காற்று பெரும்பாலும் தரைவரை வருவதில்லை. தரைக்குச் சில நூறு மீட்டர் மேலே நின்று, கீழே உள்ள குளிர்ந்த காற்றின் மீது சூடான மூடியாக அமர்கிறது. வழக்கமாக உயரப் போனால் குளிரும். இங்கே உயரப் போனால் சூடாகிறது. இந்த வெப்பத் தலைகீழ்நிலையில் கீழ்க்காற்று மேலே ஏற முடியாது. குளிர்கால நீண்ட இரவுகளில் தரை வெப்பத்தை இழந்துகொண்டே இருக்க, மூடிக்கடியில் பனிமூட்டம் திரண்டு நாட்கணக்கில் கலையாமல் நிற்கும். புகைபோக்கிகள் கக்கும் அனைத்தும் அதே மூடிக்குள் சேரும். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் நடந்தது அதுவே: காற்று அசையவில்லை, மூடி விலகவில்லை, நிலக்கரிப் புகை மட்டும் சேர்ந்துகொண்டே போனது. உயர் அழுத்தத்தை நல்ல வானிலை என்று எழுதிவிட்டுப் போகும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. காற்றின் தூய்மையைப் பொறுத்தவரை அது பல வேளைகளில் மிக மோசமான வானிலை.

கோடையில் அதே இறக்கம் வேறு முகம் காட்டுகிறது. ஜெட் காற்றோட்டம் பெரிதாக வளைந்து உயர் அழுத்தத்தை ஓரிடத்தில் முடக்கிவிட்டால், முகிலற்ற வானில் சூரியன் நாள்தோறும் தரையைச் சுடும், இறங்கும் காற்றும் சூடேறும், தரை உலர்ந்துபோனதால் ஆவியாதலால் கிடைக்கும் குளிர்ச்சியும் நின்றுபோகும். 2021 ஜூன் 29 அன்று கனடாவின் லிட்டன் கிராமத்தில் 49.6 பாகை செல்சியஸ் பதிவானது. அந்நாட்டின் முந்தைய உச்சம் 45 பாகை. மறுநாள் அந்தக் கிராமத்தின் பெரும்பகுதி காட்டுத்தீயில் அழிந்தது.

படி 7: வரைபடத்தைப் படியுங்கள்

1859 அக்டோபரில் பிரிட்டனின் கரையோரத்தில் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் புயலில் உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பின்னர், பல ஊர்களின் அழுத்த அளவுகளைத் தந்தியில் பெற்று ஒன்றுசேர்த்துப் பார்த்த பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஃபிட்ஸ்ராய் 1861-இல் புயல் எச்சரிக்கைகளை அனுப்பத் தொடங்கினார். ஓரிடத்து அழுத்தத்தைவிடப் பல இடத்து அழுத்தங்களின் ஒப்பீடே பேசும் என்பதே அவரது பணியின் அடிப்படை. இன்றைய வரைபடமும் அதுதான்.

அழுத்தம் சமமாக உள்ள இடங்களை இணைக்கும் சம அழுத்தக் கோடுகளைப் பாருங்கள். பெரும்பாலும் 4 ஹெக்டோபாஸ்கல் இடைவெளியில் வரைவார்கள். அழுத்த வேறுபாடு சிறிதாக இருக்கும் வெப்பமண்டலப் பகுதிகளுக்கு 2 ஹெக்டோபாஸ்கல் இடைவெளியில் வரைவதும் உண்டு. கோடுகள் நெருங்கினால் காற்று வலுக்கும்: ஒரே அகலாங்கில் 400 கிலோமீட்டரில் 4 ஹெக்டோபாஸ்கல் மாறும் இடத்தைவிட, 100 கிலோமீட்டரில் அதே அளவு மாறும் இடத்தில் காற்றின் வேகம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். பிறகு சுழற்சித் திசையைக் கொண்டு, உங்கள் இடத்துக்குக் காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கடலைக் கடந்து வருகிறதா, உலர்ந்த நிலத்தைக் கடந்து வருகிறதா என்பது, அழுத்தத்தின் எண்ணைவிட மழையைப் பற்றி அதிகம் சொல்லும். ஒரே தாழ்வழுத்தத்தின் ஒரு பக்கம் வெள்ளமும் மறுபக்கம் வறண்ட காற்றும் இருப்பது இதனால்தான்.

வரைபடம் கையில் இல்லாவிட்டால் டச்சு அறிஞர் பைஸ் பாலட் 1857-இல் கூறிய விதி உதவும்: வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், தாழ்வழுத்தம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். மாலுமிகள் இதை உயிர்காக்கும் விதியாகவே கொண்டிருந்தார்கள்.

படி 8: மாற்றத்தை அளந்து எழுதுங்கள்

அழுத்தம் எவ்வளவு என்பதைவிட அது எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதே முதன்மையானது. பிரிட்டனின் கடல்சார் முன்னறிவிப்புகளில் மூன்று மணி நேரத்தில் 1.5 ஹெக்டோபாஸ்கல் வரை குறைந்தால் மெதுவான சரிவு, 3.6 முதல் 6 வரை குறைந்தால் விரைவான சரிவு, 6-ஐத் தாண்டினால் மிக விரைவான சரிவு. நடு அகலாங்குகளில் இவை நல்ல அளவுகோல்கள்.

வெப்பமண்டலத்தில் அவற்றை அப்படியே பயன்படுத்தினால் ஏமாந்துபோவீர்கள். சூரிய வெப்பத்தால் வளிமண்டலத்தில் எழும் அலை காரணமாக, அங்கே ஒவ்வொரு நாளும் காலை 10 மணி, இரவு 10 மணி வாக்கில் அழுத்தம் உச்சம் தொட்டு, மாலை 4 மணி, அதிகாலை 4 மணி வாக்கில் தாழ்கிறது. இந்த ஏற்ற இறக்கம் 2 முதல் 3 ஹெக்டோபாஸ்கல் வரை இருக்கும். வானிலை மாறாத நாளிலும் பிற்பகலில் அழுத்தம் சரிவதைக் கண்டு மழை வருகிறது என்று எண்ணிவிடக்கூடாது. நேற்றைய காலை 10 மணி அளவை இன்றைய காலை 10 மணி அளவோடு ஒப்பிடுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் கருவியை வைத்து அளந்து, பக்கத்தில் காற்றின் திசையையும் முகிலின் வகையையும் ஒரு வரியில் எழுதி வையுங்கள். அந்த ஒரே நேர அளவு இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து குறைந்துகொண்டே போய், நாளாந்த அலையின் உச்சமே வழக்கத்தைவிடத் தாழ்ந்து, காற்றின் திசையும் மாறத் தொடங்கினால், தொலைவில் ஒரு தாழ்வழுத்தம் வளர்கிறது அல்லது நெருங்குகிறது என்று பொருள். அப்போது முதுகுக்குப் பின்னால் காற்றை நிறுத்தி, அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்த நாளும் அதே நேரத்தில் அதே இடத்தில் நின்று பார்த்தால், அது எந்தத் திசையில் நகர்கிறது என்பதும் தெரியவரும்.